நங்கூரத்தை இறக்குங்கள், விடியலுக்காக மன்றாடுங்கள்: வாசகர் கேள்வி பதில்

வாழ்க்கை தடம் மாறும்போது இறைவனை எப்படி நம்புவது என்பதைச் சுற்றியே இம்முறை இராமநாதபுரம் கடற்கரைப் பங்குகளிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் தருகிறோம். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

பாம்பன் வாசகி: எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட எங்கள் விசைப்படகு அக்கரையில், இலங்கையில் நிற்கிறது. ஆள்கள் திரும்பிவிட்டார்கள், படகு வரவில்லை. வட்டி ஏறிக்கொண்டே போகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "கடவுள் பார்த்துக்கொள்வார், நம்பிக்கையை விடாதே" என்கிறார்கள். கேட்டால் ஆறுதலுக்குப் பதில் கோபம்தான் வருகிறது. நம்பிக்கை என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா?

பதில்: இல்லை அம்மா. கத்தோலிக்கத் திருச்சபை அப்படிக் கற்பிக்கவில்லை. கடவுள் தம் திட்டத்தை நிறைவேற்றும்போது மனிதரின் அறிவையும் உழைப்பையும் சேர்த்தே பயன்படுத்துகிறார் என்று மறைக்கல்வி நூல் 306, 307-ஆம் எண்களில் சொல்கிறது. உங்களிடம் அப்படிச் சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

இன்று இரவே வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்துத் திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தைச் சத்தமாக வாசியுங்கள். கடல் தொழில் செய்கிற குடும்பத்துக்கு அதைவிடப் பொருத்தமான அதிகாரம் விவிலியத்தில் இல்லை. பவுலைக் கைதியாக ஏற்றிக்கொண்டு போகிற கப்பல். பருவம் தப்பிய பயணம், வேண்டாம் என்று பவுல் முன்பே சொல்கிறார். நூற்றுவர் தலைவர் மாலுமியும் கப்பல்காரரும் சொன்னதைத்தான் கேட்கிறார். தெற்கிலிருந்து காற்று இதமாக வீசியதும் புறப்படுகிறார்கள். சற்று நேரத்தில் வடகிழக்கிலிருந்து பேய்க்காற்று பிடித்துக்கொள்கிறது. மறுநாள் சரக்கைக் கடலில் தள்ளுகிறார்கள், மூன்றாம் நாள் கப்பலின் தளவாடங்களையே தள்ளுகிறார்கள். பல நாள் சூரியனும் தெரியவில்லை, நட்சத்திரமும் தெரியவில்லை. அப்போதுதான் உங்களில் ஒருவர் உயிரும் போகாது என்ற வாக்குறுதி வானதூதர் வழியாகப் பவுலுக்கு வருகிறது.

அதற்குப் பிறகு நடப்பதைக் கவனியுங்கள். 14-ஆம் நாள் இரவு, நடுச்சாமம். கரை நெருங்குவதாக மாலுமிகளுக்குத் தோன்றுகிறது. கயிற்றை இறக்கி ஆழம் பார்க்கிறார்கள்: 20 பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி). கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் இறக்குகிறார்கள்: 15 பாகம். பாறையில் மோதிவிடுவோம் என்று அஞ்சி, பின்பக்கத்திலிருந்து 4 நங்கூரங்களை இறக்கிவிட்டு, பொழுது விடிய வேண்டுமென்று மன்றாடுகிறார்கள். வானதூதரின் வாக்கே கிடைத்த பின்பும் ஆழம் பார்ப்பதை யாரும் நிறுத்தவில்லை. மன்றாட்டும் நங்கூரமும் ஒரே வசனத்தில்தான் வருகின்றன.

உங்கள் வீட்டில் ஆழம் பார்ப்பது என்றால், முதலில் கடனை ஒரு தாளில் எழுதுவது. யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எந்த நகைக்கடன் ஏலத்துக்குப் போகும் நிலையில் இருக்கிறது, எது பொறுக்கும், எது பொறுக்காது. மனதுக்குள்ளேயே சுமக்கிற கடன் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும், அதனாலேயே அதைப் பார்க்கப் பயந்து ஒதுக்கிவிடுவோம். கந்துவட்டி இருந்தால் 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்கீழ் புகார் கொடுக்கலாம். மீன்வளத் துறைக்குக் கொடுத்த மனுக்களின் நகல், அக்கரை நீதிமன்றத்தில் படகு வழக்கு நிற்கும் நிலை, உரிமையாளர் நேரில் போக வேண்டிய தேதி எல்லாம் அதே தாளில் வரட்டும். எழுதிய தாளைச் செபமாலை சொல்லும் இடத்தில் வைத்து, அதைப் பார்த்தபடியே செபியுங்கள். "ஆண்டவரே, எங்களைக் காப்பாற்றும்" என்று பொதுவாகக் கேட்பதோடு நிறுத்தாமல், "வெள்ளிக்கிழமை இந்த ஆளிடம் தவணை கேட்கப் போகிறேன், கூட வாரும்" என்று கேளுங்கள்.

நங்கூரம் கப்பலைக் கரை சேர்க்காது, இரவு முழுக்க மோதாமல் பிடித்துவைக்கும். ஞாயிறு திருப்பலி, இரவில் கால் மணி நேரக் குடும்பச் செபம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், உண்மை நிலையைச் சொல்லிவைத்த நம்பகமான ஒருவர். இவற்றை மட்டும் இப்போது அசைய விடாதீர்கள். வீட்டை விற்பது, திருப்பூருக்குக் குடிபெயர்வது, மகளுக்கு அவசரமாகச் சம்பந்தம் பேசுவது போன்ற பெரிய முடிவுகளை முதல் அதிர்ச்சியில் எடுக்காதீர்கள்.

அந்த அதிகாரத்தில் இன்னும் இரண்டு இடம் இருக்கிறது. மாலுமிகள் முன்பக்க நங்கூரம் இறக்குவதுபோலப் பாசாங்கு செய்து சிறுபடகில் தப்பப் பார்க்கிறார்கள். இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் தப்ப முடியாது என்கிறார் பவுல். கடன் முற்றிய வீட்டில் ஒருவர் குடியில் ஒதுங்குவதும், ஒருவர் சொல்லாமல் வெளியூர் போய்விடுவதும் அந்தச் சிறுபடகுதான். இரண்டாவது, 14 நாளாகச் சாப்பிடாதவர்களை உட்காரவைத்து, அப்பத்தை எடுத்துக் கடவுளுக்கு நன்றி சொல்லிப் பிட்டுத் தாமும் உண்கிறார் பவுல். நீங்களும் வேளைக்குச் சாப்பிடுங்கள் அம்மா, அதுவும் நம்பிக்கையின் செயல்தான்.

கசப்பான ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கப்பலில் இருந்த 276 பேரும் கரை சேர்ந்தார்கள், கப்பல் உடைந்தது. கடவுளின் வாக்குறுதி ஆள்களுக்குத்தான் இருந்தது, கப்பலுக்கு இல்லை. உங்கள் படகு திரும்பி வர நாங்களும் மன்றாடுகிறோம். வராமல் போனால், நீங்கள் நம்பியது வீணாகிவிட்டது என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

தங்கச்சிமடம் வாசகர்: சிறு வயதில் எனக்குக் கடும் காய்ச்சல் வந்தபோது, "பிழைத்தால் 25 வயதில் இவன் வேளாங்கண்ணிக்கு நடந்தே வந்து மொட்டை போடுவான்" என்று என் அம்மா பொருத்தனை வைத்தாராம். அம்மா இறந்துவிட்டார், நான் போகவில்லை. இப்போது வேலை போய்விட்டது, பேசிய கல்யாணமும் நின்றுவிட்டது. பொருத்தனை பாக்கி இருப்பதால்தான் இப்படி என்கிறார்கள்.

பதில்: தம்பி, அந்தப் பொருத்தனை உங்களைக் கட்டுப்படுத்தாது. திருச்சபைச் சட்டம் 1193 இதில் ஒளிவுமறைவு வைக்கவில்லை: நேர்ச்சை, அதாவது பொருத்தனை, அதன் இயல்பிலேயே அதைச் செய்தவரை மட்டுமே கட்டும். உங்கள் அம்மா தம் கால்களைக் கடவுளுக்கு நேர்ந்திருக்கலாம், உங்கள் கால்களை நேர அவரால் முடியாது. உயிர் பிழைத்ததற்கு நன்றியாக வேளாங்கண்ணிக்குப் போக ஆசையிருந்தால் தாராளமாகப் போங்கள், பேருந்திலும் போகலாம். பயத்தில் மட்டும் போகாதீர்கள்.

இந்தக் கரையில் பொருத்தனை இல்லாத வீடு இல்லை என்பதால் சட்டத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறோம். நேர்ச்சை என்பது நிறைவேற்றக்கூடிய, மேலான ஒரு நன்மையைக் கடவுளுக்குத் தெரிந்தும் சுதந்திரமாகவும் வாக்களிப்பது (1191). "முடிந்தால் போகணும்" என்று நினைத்தது நேர்ச்சை ஆகாது. பிறர் அநியாயமாக உண்டாக்கிய கடும் அச்சத்தால் செய்த நேர்ச்சை செல்லாது. குறித்த காலம் கடந்தாலோ, வாக்களித்த பொருள் அடியோடு மாறிவிட்டாலோ, நிபந்தனை நிறைவேறாவிட்டாலோ அது முடிந்துபோகும் (1194). தானே செய்த நேர்ச்சையை நிறைவேற்ற முடியாதவர், அதற்கு ஈடான அல்லது அதைவிடப் பெரிய நன்மையாகத் தாமே மாற்றிக்கொள்ளலாம் (1197). அதைவிடச் சிறியதாக மாற்றவோ முழுவதும் விலக்குப் பெறவோ பங்குத்தந்தையிடம் போக வேண்டும். நியாயமான காரணம் இருந்து, பிறர் உரிமை பாதிக்காவிட்டால் விலக்குத் தர அவருக்கு அதிகாரம் உண்டு (1196). என்ன வாக்களித்தீர்கள், எப்போது, என்ன நிபந்தனையோடு, இப்போது எது தடை என்ற நான்கையும் சொன்னால் போதும்.

இனிமேல் நேர்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் தலைமுடியையோ கணவரின் சம்பாத்தியத்தையோ நேராதீர்கள். உங்களால் முடிந்ததை, கால எல்லையோடு நேர்ந்து, எழுதி வையுங்கள். நேர்ந்துவிட்டு நிறைவேற்றாமல் இருப்பதைவிட நேராமலே இருப்பது மேல் என்று சபை உரையாளர் 5-ஆம் அதிகாரம் சொல்கிறது.

வேலையும் கல்யாணமும் நின்றதற்குக் காரணம் தேடி அம்மாவின் கல்லறை வரை போக வேண்டாம். பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவரா பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது, இவரும் இல்லை, பெற்றோரும் இல்லை என்றுதான் ஆண்டவர் சொன்னார் (யோவான் 9).

மண்டபம் வாசகர்: வளைகுடாவில் ஒரு வேலை வந்திருக்கிறது. இங்கே இருந்தால் அப்பாவின் வல்லத்தை (நாட்டுப்படகை)ப் பார்த்துக்கொள்ளலாம். 2 வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். இறைவனின் விருப்பம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடையாளம் ஏதாவது கேட்கலாமா?

பதில்: அடையாளத்துக்குக் காத்திராதீர்கள் தம்பி. இலொயோலா புனித இஞ்ஞாசியார் "ஆன்மிகப் பயிற்சிகள்" நூலில் இதற்கென்றே ஒரு முறை வைத்திருக்கிறார், 2 வாரம் அதற்குத் தாராளம்.

கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்: "இந்த வேலைக்கு 2 ஆண்டு போவதா, வேண்டாமா?" முதல் சில நாள் எதையும் அலசாமல் ஒன்றை மட்டும் கேளுங்கள்: எந்தப் பக்கமும் சாயாத தராசு முள்ளைப் போல என் மனம் நிற்க வேண்டும். இது இஞ்ஞாசியாரே சொல்லும் உவமை. இந்த இடத்தைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டு அதற்குக் கடவுளின் கையெழுத்தைக் கேட்பார்கள். மனம் இன்னும் ஒரு பக்கமே இழுக்கிறது என்றால் மறுபக்கத்தை விரும்பும் வரம் கேளுங்கள், அவசரப்படாதீர்கள்.

அடுத்து நான்கு பத்தி: போனால் நன்மை, போனால் கேடு, இருந்தால் நன்மை, இருந்தால் கேடு. "போனால் நன்மை, இருந்தால் கேடு" என்று இரண்டை மட்டும் எழுதுவது மனம் செய்யும் தந்திரம், நான்கும் வேண்டும். சம்பளத்தை மட்டும் எழுதாமல், நான் கடவுளுக்கு உகந்தவனாக வாழ எது உதவும் என்ற கணக்கையும் எழுதுங்கள். குவைத், பஹ்ரைன், கத்தார், ஓமன், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றில் கத்தோலிக்க ஆலயங்கள் உண்டு. சவுதி அரேபியாவில் ஆலயமே கிடையாது. 2 ஆண்டு திருப்பலி இல்லாமல் இருக்க முடியுமா என்பதும் ஒரு பத்தியில் வர வேண்டியதுதான்.

பிறகு மூன்று கேள்வி. முன்பின் தெரியாத ஒருவர் இதே நிலையில் வந்து கேட்டால் என்ன சொல்வேன்? சாகும் தறுவாயில் எதைத் தேர்ந்திருக்க வேண்டும் என்று நினைப்பேன்? தீர்ப்பு நாளில்? எண்ணிக்கையைப் பார்க்காமல் எடையைப் பார்த்து முடிவெடுத்து, அதைத் திருப்பலியில் காணிக்கையாக்கி, உறுதிப்படுத்தும்படி கேட்டு, சில நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருங்கள். அமைதி நிலைத்தால் முன்னேறுங்கள். மனம் இருண்டு வறண்டு கிடக்கும்போது, முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றவே கூடாது என்பது அவருடைய கண்டிப்பான விதி. இது திருமணத்தைப் போலத் திரும்ப முடியாத தேர்வும் இல்லை, ஒப்பந்தம் முடிந்ததும் மறுபடி யோசிக்கலாம்.

செபத்தை முடித்துவிட்டு ஏஜென்டையும் விசாரியுங்கள். மத்திய அரசில் பதிவு பெற்றவரா? சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றாலோ, இன்றே பணம் கட்டு என்று நெருக்கினாலோ விலகிவிடுங்கள்.

இராமநாதபுரம் வாசகி: குறி கேட்பது தவறு என்று தெரியும். கண்ணை மூடிக்கொண்டு விவிலியத்தைப் பிரித்து, விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்ளலாமா? வாட்ஸ்அப்பில் "9 பேருக்கு அனுப்பினால் அற்புதம்" என்று வருவதை அனுப்பலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். எதிர்காலத்தைப் பற்றி ஒரு கிறிஸ்தவர் செய்ய வேண்டியது தம்மை இறைப் பராமரிப்பில் ஒப்படைத்து, அளவுமீறிய ஆவலை விடுவது என்கிறது மறைக்கல்வி (2115). சோதிடம், கைரேகை, சகுனம் எல்லாவற்றையும் அடுத்த எண் விலக்குகிறது. விவிலியத்தைச் சீட்டுக்கட்டாக்கினால் அதுவும் குறி கேட்பதுதான். அன்றன்றைய திருப்பலி வாசகத்தை வாசியுங்கள். உங்கள் விரல் தேடாத வசனமும் அதில் வரும். அந்தச் செய்தியை அழித்துவிடுங்கள், அச்சம் வேண்டாம்.

மூக்கையூர் வாசகி: என் கணவர் கடலுக்குப் போய் 3 ஆண்டு ஆகிறது. வல்லம் கவிழ்ந்த நிலையில் கிடைத்தது, உடல் கிடைக்கவில்லை. திருப்பலிக் கருத்துக்குப் பெயர் கொடுக்கும்போது உயிரோடு இருப்பவர் என்பதா, இறந்தவர் என்பதா? "இறந்தவர்" என்று எழுதினால் நானே அவரைக் கைவிட்டதுபோல இருக்கிறது. மறுமணம் பற்றியும் உறவில் பேச்சு எழுகிறது.

பதில்: சகோதரி, நீங்கள் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. உயிரோடு இருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் குரு திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் (திருச்சபைச் சட்டம் 901). கருத்துச் சீட்டில் அவர் பெயரை மட்டும் எழுதி "அவருக்காக" என்று கொடுங்கள், விவரத்தைப் பங்குத்தந்தையிடம் தனியே சொல்லிவிடுங்கள். அவர் எங்கே இருக்கிறார் என்பது கடவுளுக்குத் தெரியும். இறந்தோர் நினைவுநாளான நவம்பர் 2 அன்று கல்லறையில்லாதவருக்கு எங்கே மெழுகுவத்தி ஏற்றுவது என்று நிற்க வேண்டாம், கல்லறைத் தோட்டச் சிலுவையடியில் ஏற்றுங்கள். ஒருவேளை அவர் உயிரோடு இருந்தாலும் அந்தச் செபம் வீணாகாது.

பிள்ளைகளிடம் "அப்பா வெளியூர் போயிருக்கிறார்" என்று சொல்லி வைத்திருந்தால் மாற்றுங்கள். "அப்பா கடலில் காணாமல் போனார். எல்லாரும் தேடினார்கள், கிடைக்கவில்லை. தினமும் அவருக்காகச் செபிப்போம்" என்று உள்ளதைச் சொல்வது அவர்களுக்குத் தாங்கக்கூடியது. பின்னால் யாரோ தெருவில் சொல்லித் தெரிந்துகொண்டால், உங்கள் வார்த்தையையும் நம்ப மாட்டார்கள்.

மறுமணம் உங்கள் விருப்பம். செய் என்றோ செய்யாதே என்றோ உறவினர் நெருக்கக் கூடாது. ஆனால் வழிமுறை உண்டு. இறப்புச் சான்று இல்லாத நிலையில், கணவர் இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று மறைமாவட்ட ஆயர் அறிவித்த பிறகே திருச்சபையில் மறுமணம் செய்ய முடியும் (1707). எத்தனை ஆண்டு ஆனாலும் காணவில்லை என்பது மட்டும் போதாது. இறந்துவிட்டார் என்ற மன உறுதி ஆயருக்குச் சான்றுகளால் வர வேண்டும். பங்குத்தந்தை வழியாகச் சிவகங்கை மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்துக்கு விண்ணப்பியுங்கள். திருமணச் சான்று, காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகல், மீன்வளத் துறைப் பதிவு, அன்று பக்கத்தில் தொழில் செய்தவர்களும் வல்லத்தை மீட்டவர்களும் தரும் எழுத்து வாக்குமூலம், அன்றைய காற்று நிலவரம், அதற்குப் பிறகு அவருடைய கைப்பேசியோ வங்கிக் கணக்கோ இயங்கவில்லை என்ற விவரம் எல்லாம் உதவும். சாட்சிகளின் நினைவு மங்குமுன் இப்போதே எழுதி வாங்கி வையுங்கள், மறுமண எண்ணம் இல்லாவிட்டாலும் நிவாரணத்துக்குப் பயன்படும். நாட்டுச் சட்டம் தனி: 7 ஆண்டு தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கருத அது இடம் தருகிறது. ஒன்று கிடைத்தால் மற்றது தானாகக் கிடைத்துவிடாது.

திருப்பாடல் 77-ஐ வாசியுங்கள். அதைப் பாடியவரின் உள்ளம் தொடக்கத்தில் ஆறுதலை ஏற்கவே மறுக்கிறது. முடிவில் அவர், உமது வழி கடலின் நடுவே இருந்தது, உம் காலடித் தடங்களோ தெரியவில்லை என்கிறார். தடம் தெரிகிறது என்று நீங்களும் நடிக்க வேண்டியதில்லை.

இராமேசுவரம் வாசகர்: தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி. 1964 புயலில் இறந்தவர்களில் செபித்தவர்கள் இல்லையா? நம்பினாலும் நம்பாவிட்டாலும் ஒன்றுதானா?

பதில்: 1964 டிசம்பர் 22, 23 இரவில் இறந்தவர்களில் நம்பியவர்களும் செபித்தவர்களும் இருந்திருப்பார்கள். அந்த ஊர் பாவத்தால் அழிந்தது என்ற பேச்சை இன்றும் சிலர் சொல்கிறார்கள். ஆண்டவர் அதற்கு நேராகவே பதில் சொல்லியிருக்கிறார்: சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா? அப்படி அல்ல (லூக்கா 13). கேட்டவர்களைத்தான் மனம் மாறச் சொன்னார். இறந்தவர்கள்மேல் அவர் பழி போடவில்லை.

ஏன் அனுமதித்தார் என்பதற்கு மறைக்கல்வி நூலே அவசரப் பதில் எதுவும் போதாது என்கிறது (309). கிறிஸ்தவ நம்பிக்கை முழுவதுமே அதற்குப் பதில் என்கிறது. கெட்டது நடக்காமல் காக்கும் காப்பீடாக நம்பிக்கையை எடுத்துக்கொண்டால் நம் கடற்கரையே அதை மறுக்கும். வேதாளையில் 1549-இல் அந்தோனியோ கிரிமினாலி அடிகளார் கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் மறைசாட்சி அவர். ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் (போர்த்துகலிலிருந்து வந்த மறைப்பணியாளர் ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டப்பட்டார். அதற்கு 7 ஆண்டு முன்பே மறவ நாட்டில் பிடிபட்டு வதைபட்டு விடுதலையானவர். போர்த்துகல் போய்ச் சேர்ந்த பிறகு அங்கேயே தங்கியிருக்கலாம், திரும்பி வந்தார். என்ன நடக்கலாம் என்று தெரிந்தே வந்தவரின் நம்பிக்கை, ஒன்றும் நடக்காது என்ற நம்பிக்கையாக இருந்திருக்க முடியாது. நடப்பது எதுவும் தம்மைக் கிறிஸ்துவிடமிருந்து பிரிக்காது என்பதே அவர் பற்றிக்கொண்ட நம்பிக்கை.

உங்கள் கேள்வியைக் கடவுளிடமே கேளுங்கள். திருப்பாடல் 88 முறையீடாகவே தொடங்கி இருளிலேயே முடிகிறது, ஆறுதலாக ஒரு வரிகூட இல்லை. திருச்சபை அதைத்தான் வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் வைத்திருக்கிறது.

ஓலைக்குடா வாசகி: ஏப்ரல் 15 வந்தால் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆண்டுதோறும் அதே பதற்றம், அதே கடன். நாளைக்காகக் கவலைப்படாதீர்கள் என்று ஆண்டவர் சொல்லியிருக்க, சேமிப்பது நம்பிக்கைக் குறைவா?

பதில்: இல்லவே இல்லை. கவலைப்படாதீர்கள் என்றுதான் ஆண்டவர் சொன்னார். எகிப்தில் யோசேப்பு செழிப்பான 7 ஆண்டும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தார் (தொடக்கநூல் 41). அது கடவுள் காட்டிய வழி. ஐந்தில் ஒன்று முடியாவிட்டால் பத்தில் ஒன்று, மீன்பாடு நல்ல நாளில் பணம் கைக்கு வந்ததும் எடுத்துவையுங்கள். செலவு போக மிஞ்சியதைச் சேர்க்கலாம் என்றால் மிஞ்சாது. மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் உறுப்பினர் கட்டும் 1,500 ரூபாய்க்கு அரசுப் பங்கு 3,000 சேர்த்து 4,500 ஆகத் திரும்பும். மீனவ மகளிருக்கும் தனியே உண்டு. கூட்டுறவுச் சங்கத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆறுதலான காலத்திலேயே வறட்சிக் காலத்துக்குப் பலம் சேர்த்துக்கொள் என்று இஞ்ஞாசியாரும் சொல்கிறார். செபத்துக்குச் சொன்னது குடும்பக் கணக்குக்கும் பொருந்துகிறது.

தொண்டி வாசகர்: வயது 74. மனைவி இறந்த பிறகு சென்னையில் மகன் வீட்டுக்கு வந்துவிட்டேன். கடலும் இல்லை, நம் கோயில் மணியும் இல்லை. செபிக்க உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. நம்பிக்கையை இழந்துவிட்டேனோ?

பதில்: இழக்கவில்லை ஐயா, இழந்தவர் இப்படிக் கேட்க மாட்டார். சொந்த வார்த்தை வராதபோது பிறர் வார்த்தையைக் கடன் வாங்குங்கள்: திருப்பாடல் 71 முதியவர் ஒருவரின் செபம், அதைத் தினமும் ஒரே நேரத்தில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு வாசியுங்கள். செபமாலையில் ஒரு பத்துமணி போதும். வறட்சியில் செபத்தைக் குறைக்கத் தோன்றும், கொஞ்சம் கூட்டுங்கள்: 10 நிமிடம் என்றால் 11. அங்கே உள்ள பங்கில் பெயரைப் பதிந்து, தமிழ்த் திருப்பலி எத்தனை மணிக்கு, எந்த அன்பியம் (அக்கம்பக்கக் குடும்பங்களின் செபக்குழு) என்று கேளுங்கள். நடக்க முடியாத வாரத்தில் நற்கருணையை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லலாம். 2 வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள், செபத்தோடு சேர்த்து.

முத்துப்பேட்டை வாசகி: அடுத்த மாதம் எனக்கு இதய அறுவைச் சிகிச்சை. நோயில்பூசுதல் கேட்டால் "அது சாகப் போகிறவர்களுக்கு" என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: பழைய பழக்கத்தில் வந்த பயம் அது. கடும் நோயாளிகளுக்கும், பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும், தளர்ந்த முதியவர்களுக்கும் உரிய அருளடையாளம் இது (மறைக்கல்வி 1514, 1515). குணமாகி மறுபடி நோயுற்றாலோ, அதே நோய் முற்றினாலோ மீண்டும் பெறலாம். நினைவோடு இருக்கும்போது பெறுவதே நல்லது, மயக்க ஊசி போட்ட பிறகு குருவானவரைத் தேடி ஓடாதீர்கள். மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய ஞாயிறு, பூசை முடிந்ததும் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். ஒப்புரவு செய்து நற்கருணையும் வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் என்றால் ஒரு சிறு மேசையில் வெள்ளைத் துணி, பாடுபட்ட சுருபம், ஒரு மெழுகுவத்தி போதும். பயப்படுகிற வீட்டாரையும் கூடவே நிற்கச் சொல்லுங்கள். செபங்களைக் கேட்டாலே அது குணத்துக்கும் பலத்துக்கும் மன்றாடுவது என்று அவர்களுக்குப் புரியும்.